லினக்ஸ் போனில் பாட்டு கேட்கிறது, பேச்சு ஏன் கேட்கவில்லை?

லினக்ஸ் போன் வைத்திருப்பவர்கள் பலரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு. பாட்டு ஓடுகிறது, வீடியோ ஓடுகிறது, அலாரம் அடிக்கிறது. யாரையாவது அழைத்தால் மட்டும் எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ... ஹலோ..." என்று நாலு தடவை கத்திவிட்டு வைத்துவிடுகிறார். ஸ்பீக்கர் கெடவில்லை, குரல் பதிவு செய்து பார்த்தால் மைக்கும் கெடவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

பாட்டு போகும் வழி வேறு, அழைப்பின் குரல் போகும் வழி வேறு. அந்த இரண்டாவது வழியும் எல்லா போனிலும் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலும் மூன்று வகை. உங்கள் போன் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், எங்கே கை வைப்பது, எங்கே கை வைத்துப் பயனில்லை என்பது தானாகத் தெளிந்துவிடும். அந்த மூன்று வழிகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒன்று. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் லினக்ஸ் போன் என்று இங்கே சொல்வது, கணினியில் ஓடும் லினக்ஸையே போனுக்குக் கொண்டுவந்த மோபியன், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற இயங்குதளங்களை. பைன்64 நிறுவனத்தின் பைன்போன், பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரம் 5 ஆகியவை இதற்கென்றே செய்யப்பட்ட போன்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் லினக்ஸை ஏற்றிப் பயன்படுத்துபவர்களும் நிறையப் பேர்.

ஒரு போனுக்குள் இரண்டு கணினி

நம் கையில் இருப்பது ஒரு போன் என்றாலும் உள்ளே இரண்டு கணினிகள் இருக்கின்றன. திரை, செயலிகள், கோப்புகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் முதன்மைச் சிப் ஒன்று. டவருடன் பேசும் மோடம் இன்னொன்று. மோடத்துக்குள் அதற்கென்று தனி மென்பொருள் ஓடுகிறது. பைன்போனின் மோடத்துக்குள் ஓடுவதும் ஒரு தனி லினக்ஸ்தான்!

பாட்டு கேட்கும்போது வேலை முழுவதும் முதன்மைச் சிப்புடையது. கோப்பைப் படித்து, எண்களாக விரித்து, ஆடியோ கோடெக் என்ற பகுதிக்கு அனுப்புகிறது. கோடெக் அந்த எண்களை மின் அலைகளாக்கி ஸ்பீக்கருக்குத் தருகிறது. அழைப்பில் கதை வேறு. எதிர்முனையின் குரல் வந்து இறங்குவது மோடத்தில். நம் மைக்கில் விழும் குரலும் கடைசியில் மோடத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். மோடத்துக்கும் கோடெக்குக்கும் நடுவே குரல் எப்படிப் போய் வருகிறது என்பதில்தான் போனுக்குப் போன் வித்தியாசம்.

முதல் வழி: மோடத்திலிருந்து நேராக

பைன்போனின் முதன்மைச் சிப் ஆல்வின்னர் ஏ64. மோடம் குவெக்டெல் நிறுவனத்தின் ஈஜி25-ஜி. ஏ64 சிப்பில் உள்ள ஆடியோ கோடெக்குக்கு மூன்று டிஜிட்டல் வாசல்கள் உண்டு. ஒன்று முதன்மைச் சிப்பின் பக்கம், அடுத்தது மோடத்தின் பக்கம், மூன்றாவது புளூடூத் பக்கம். அழைப்பில் எதிர்முனையின் குரல் இரண்டாவது வாசலில் நுழைந்து நேரே இயர்பீஸுக்குப் போகிறது. மைக்கில் விழும் குரல் அதே வாசல் வழியே மோடத்துக்குப் போகிறது. பேச்சு நடக்கும்போது லினக்ஸ் அதைத் தொடுவதே இல்லை.

லினக்ஸின் வேலை மடை திறந்து விடுவது மட்டும். கோடெக்குக்குள் ஏகப்பட்ட வாய்க்கால்கள் ஓடுகின்றன: மைக்கிலிருந்து ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று, இயர்பீஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் திறக்க மூட ஒரு சுவிட்ச், எவ்வளவு விடுவது என்பதற்கு ஓர் அளவு. எந்த நேரத்தில் எது திறந்திருக்க வேண்டும் என்பதை அல்சா என்ற ஒலி அமைப்பின் 'யூசிஎம்' கோப்புகள் சொல்கின்றன. சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். 'ஹைஃபை' என்ற தலைப்பின் கீழ் பாட்டுக்கான ஏற்பாடு, 'வாய்ஸ் கால்' என்ற தலைப்பின் கீழ் அழைப்புக்கான ஏற்பாடு.

பச்சைப் பொத்தானைத் தொட்டதும் நடப்பதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். டயலர் செயலி, மோடத்தைக் கவனித்துக்கொள்ளும் மோடம்மேனேஜரிடம் 'அழைப்பை எடு' என்கிறது. கூடவே 'கால்ஆடியோடி' என்ற சிறிய சேவையிடம் 'அழைப்பு நிலைக்கு மாறு' என்கிறது. இந்தச் சேவைக்குத் தெரிந்தவை முக்கியமாக மூன்றே வேலைகள்: அழைப்பு நிலைக்கு மாற்றுவது, ஸ்பீக்கரைப் போடுவது, மைக்கை அடைப்பது. அது, செயலிகளின் ஒலியை நிர்வகிக்கும் பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயரிடம் 'வாய்ஸ் கால்' புரொஃபைலைப் போடச் சொல்கிறது. அவை யூசிஎம் கோப்பைப் படித்து, கோடெக்கின் சுவிட்சுகளை வரிசையாக மாற்றுகின்றன. இத்தனையும் முடிந்த பிறகுதான் குரல் கேட்கும். இதில் ஒரு படி தவறினாலும் அழைப்பு இணைந்துவிடும், நேரமும் ஓடும், சத்தம் மட்டும் இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் மிச்சப்படுத்த, யாரும் பயன்படுத்தாத ஒலிப் பகுதிகளை கெர்னல் தானாக அணைத்துவிடும். அழைப்பில் குரல் முதன்மைச் சிப் வழியாகப் போவதில்லை என்பதால், யாரும் எதுவும் கேட்கவில்லை என்று கெர்னல் நினைத்துக்கொள்ள இடமுண்டு. அதனால், மோடமும் கோடெக்கும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, அந்தப் பாதையை அணைக்காதே என்று கெர்னலுக்குத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. இப்படி இரு முனைகளை நேரடியாக இணைத்து வைக்கும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது.

இரண்டாவது வழி: முதன்மைச் சிப் வழியாக

லிப்ரம் 5 போனில் மோடம் கழற்றி மாட்டக்கூடிய ஒரு தனி அட்டை. அது வேறு, கோடெக் வேறு. இரண்டும் முதன்மைச் சிப்பான ஐ.எம்எக்ஸ் 8எம்-உடன் தனித்தனியாக இணைந்திருக்கின்றன. லினக்ஸின் கண்ணுக்கு மோடமும் ஒரு சவுண்ட் கார்டு. ஆகவே மோடத்திலிருந்து வரும் குரலை எடுத்து கோடெக்குக்குக் கொடுப்பதும், மைக்கிலிருந்து எடுத்து மோடத்துக்குக் கொடுப்பதும் மென்பொருளின் பொறுப்பு. இதற்காகவே பியூரிசம் 'விஸ்' என்ற சேவையை எழுதியது. அழைப்பு தொடங்கியதும் பல்ஸ்ஆடியோவில் போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு இணைப்புகளைப் போட்டு, அழைப்பு முடிந்ததும் எடுத்துவிடும். 2009-இல் வந்த நோக்கியா என்900 போனிலும் குரல் முதன்மைச் சிப் வழியாகத்தான் போய் வந்தது.

இந்த வழியில் பெரிய தலைவலி, இரண்டு கடிகாரங்கள். உதாரணத்துக்கு, மோடம் தன் கடிகாரப்படி நொடிக்கு 8000 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) தருகிறது எனக் கொள்வோம். கோடெக்கும் நொடிக்கு 8000 மாதிரிகள் எடுத்துக்கொள்கிறது, ஆனால் தன் கடிகாரப்படி. இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 0.4 மாதிரி மிஞ்சும் அல்லது குறையும். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் 400 நொடியில், அதாவது ஆறே முக்கால் நிமிடத்துக்குள், 160 மாதிரிகள் வித்தியாசம் வந்துவிடும். மொபைல் பேச்சு 20 மில்லிநொடித் துண்டுகளாகப் போகிறது; 160 மாதிரி என்பது அப்படி ஒரு முழுத் துண்டு. சரிசெய்யாமல் விட்டால், பேச்சின் நடுவே டப்பென்று ஒரு வெட்டு. தேக்கி வைக்கும் இடத்தைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம் என்றால், பேச்சு தாமதமாகும். ஒருபக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவதும், 'நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க' என்று இருவரும் நிறுத்துவதும் ஆரம்பமாகும். இதைத் தவிர்க்க, மென்பொருள் இரண்டு பக்கத்தின் வேகத்தையும் இடைவிடாமல் அளந்து, மாதிரிகளைத் துளித் துளியாக நீட்டியும் சுருக்கியும் ஈடுகட்டுகிறது.

வேலை அதிகம் என்றாலும் இந்த வழிக்கு ஒரு நன்மை உண்டு. குரல் நம் கைவழியாகப் போகிறது. இரைச்சலைக் குறைக்கலாம், எதிரொலியை நீக்கலாம், புளூடூத் ஹெட்செட்டுக்குத் திருப்பிவிடலாம். எல்லாமே மென்பொருளில் முடியும்.

மூன்றாவது வழி: மூடிய கதவுக்குள்

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் பலவும் குவால்காம் சிப்பில் ஓடுபவை. இவற்றில் மோடம், முதன்மைச் செயலி, ஒலிக் கணக்குகளைச் செய்யும் டிஎஸ்பி என்ற பகுதி எல்லாம் ஒரே சிப்புக்குள் இருக்கின்றன. குரல் மோடத்திலிருந்து டிஎஸ்பிக்குப் போய், அங்கிருந்து கோடெக்குக்குப் போகிறது. டிஎஸ்பிக்குள் ஓடும் மென்பொருள் குவால்காமுடையது. அதன் மூல நிரல் வெளியில் இல்லை. லினக்ஸால் முடிந்தது, 'அழைப்பு ஒன்று தொடங்குகிறது, இந்த மைக்கையும் இந்த இயர்பீஸையும் சேர்த்துக்கொள்' என்று டிஎஸ்பிக்குச் செய்தி அனுப்புவது மட்டுமே.

அந்தச் செய்திகளை அனுப்ப, ஆர்வலர்கள் 'கியூ6வாய்ஸ்' என்ற டிரைவரை எழுதினார்கள். கூடவே 'கியூ6வாய்ஸ்டி' என்ற சேவையும் ஓடுகிறது. அது செய்வது வேடிக்கையான வேலை. அழைப்பு வந்ததும் ஓர் ஒலிச் சாதனத்தைத் திறந்து வைக்கும், அழைப்பு முடிந்ததும் மூடிவிடும். அந்தச் சாதனத்தின் வழியே ஒரு மாதிரி ஒலிகூடப் போவதில்லை. திறப்பதே டிஎஸ்பிக்குச் சைகை. ஸ்னாப்டிராகன் 410 என்று விற்கப்பட்ட எம்எஸ்எம்8916 சிப் கொண்ட போன்களில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பயன்படுத்துபவர்கள் இந்த ஏற்பாட்டில்தான் பேசுகிறார்கள்.

உபுண்டு டச், செய்ல்ஃபிஷ் போன்ற இயங்குதளங்கள் பல போன்களில் வேறொரு உத்தியைக் கையாளுகின்றன. உற்பத்தியாளர் தந்த ஆண்ட்ராய்டு ஒலிப் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் லினக்ஸை ஓட்டுகின்றன. அழைப்பு பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே நன்றாகக் கேட்கும். ஆனால் அந்த ஆண்ட்ராய்டு பகுதி பழையதாகும்போது அதைப் புதுப்பிக்க நம்மால் முடியாது. எது உசத்தி என்பது, உங்களுக்கு இன்று பேச வேண்டுமா, ஐந்து வருடம் கழித்தும் அதே போனைப் பராமரிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தது.

எதிரொலி யாருடைய கோளாறு?

அழைப்பில் உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால், பெரும்பாலும் உங்கள் போன் குற்றவாளி இல்லை. எதிர்முனையின் இயர்பீஸிலிருந்து வந்த உங்கள் குரல் அங்கே இருக்கும் மைக்குக்குள் புகுந்து திரும்பி வருகிறது. அதேபோல, 'என் குரலே எனக்குக் கேட்கிறது' என்று எதிர்முனைக்காரர் சொன்னால், பார்க்க வேண்டியது உங்கள் போனை. எதிரொலி இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் சொன்னால்தான் உண்டு.

இதை எங்கே சரிசெய்வது என்பதும் வழியைப் பொறுத்தது. லிப்ரம் 5 வகையில், பல்ஸ்ஆடியோவிலும் பைப்வயரிலும் உள்ள எதிரொலி நீக்கும் பகுதியை இடையில் வைக்கலாம். பைன்போன் வகையில் அதை எவ்வளவு இயக்கினாலும் அழைப்புக்குப் பயனில்லை, ஏனென்றால் குரல் அந்தப் பக்கம் வருவதே இல்லை. மோடத்துக்குள் இருக்கும் எதிரொலி நீக்கியைத்தான், கட்டளை அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். குவால்காம் வகையில் டிஎஸ்பிக்குள் அந்த வசதி உண்டு. ஆனால் ஒவ்வொரு போனின் மைக், இயர்பீஸ், உறை அமைப்புக்கு ஏற்ப உற்பத்தியாளர் அளந்து வைத்த தரவு அதற்கு வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்தத் தரவு கூடவே வருகிறது. கட்டற்ற இயங்குதளங்களில் அது பெரும்பாலும் இல்லை.

எந்த வகையானாலும் முதலில் செய்து பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இயர்பீஸின் சத்தத்தையும் மைக்கின் பெருக்கத்தையும் இரண்டு படி குறைப்பது. சத்தம் போதவில்லை என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருப்பதே பல எதிரொலிகளுக்குக் காரணம்.

எல்லாமே மென்பொருள் கோளாறு இல்லை

2008-இல் வந்த ஓபன்மோக்கோ ஃபிரீரன்னர், லினக்ஸ் போன்களின் முன்னோடிகளில் ஒன்று. அதில் பேசினால் எதிர்முனையில் 'ர்ர்ர்' என்ற இரைச்சல் கேட்டது. ஜிஎஸ்எம் ரேடியோ நொடிக்குச் சுமார் 217 தடவை விட்டு விட்டு அலை வீசும். அந்தத் துடிப்பு மைக் கம்பியில் கசிந்து குரலோடு கலந்தது. ஒலி அளவுகளை மாற்றும் மிக்சரில் எதைத் திருப்பியும் போகவில்லை. கடைசியில் போர்டைத் திறந்து, மைக்குக்கு மின்சாரம் போகும் இடத்தில் கெபாசிட்டர் வைத்துச் சால்டர் செய்துதான் தீர்த்தார்கள்.

இன்றைய போன்களில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்றாலும் வன்பொருளை முதலில் பார்த்துவிடுவது நல்லது. பைன்போனின் பின்மூடியைத் திறந்தால் வரிசையாக ஆறு குட்டிச் சுவிட்சுகள் இருக்கும். மூன்றாவது மைக்குக்கு. அது அணைந்திருந்தால் எந்த மென்பொருளும் உதவாது. ஆறாவது சுவிட்ச் ஹெட்போன் துளைக்கு. அதை அணைத்தால் அந்தத் துளை, நிரலாளர்கள் கணினியோடு இணைக்கும் சீரியல் வாசலாக மாறிவிடும். ஹெட்போன் வேலை செய்யாது. லிப்ரம் 5 போனிலும் பக்கவாட்டில் மைக்கையும் கேமராவையும் சேர்த்து அணைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. பையில் வைக்கும்போது அது நகர்ந்திருக்கலாம்.

நெட்வொர்க்கின் பங்கு

குரல் தெளிவாக இல்லை என்றால் பழி முழுவதும் போன் மேல் விழ வேண்டியதில்லை. பழைய முறை அழைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போகும். 'ஸ'வும் 'ஃப'வும் ஒன்று போலக் கேட்பது அதனால்தான். 'எச்டி வாய்ஸ்' என்று சொல்லப்படும் அகலப்பட்டை முறையில் நொடிக்கு 16000 மாதிரிகள்; சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 4ஜி வழியே குரல் அனுப்பும் வோல்டிஇ அழைப்புகளில் வழக்கமாக இதுதான்.

இந்தியாவில் லினக்ஸ் போன் வைத்திருப்பவர்களுக்கு இது தரம் பற்றிய விஷயம் மட்டுமில்லை. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவிடம் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்டிஇ இல்லாத போனில் ஜியோ சிம் போட்டால் இணையம் வரும், சாதாரண அழைப்பு வராது. 2ஜி இன்னும் ஓடும் நிறுவனத்தின் சிம் என்றால், அழைப்பின்போது போன் 4ஜியிலிருந்து இறங்கி 2ஜியில் பேசும். பைன்போனின் மோடத்தில் வோல்டிஇ மோடத்துக்குள்ளேயே இருக்கிறது. நெட்வொர்க் நிறுவனத்துக்கு ஏற்ற அமைப்புத் தொகுப்பை அதற்குள் தேர்ந்தெடுக்க வேண்டும்; அவ்வளவுதான். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் வோல்டிஇயைத் தொடங்கி வைத்த மென்பொருள் ஆண்ட்ராய்டு பக்கம் இருந்தது. ஆண்ட்ராய்டை எடுத்ததும் அதுவும் போய்விடுகிறது. அழைப்பே போகாத போனில் மிக்சரை நோண்டிப் பயனில்லை.

அறிகுறியை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க

இரு பக்கமும் சத்தமே இல்லை: அழைப்பு நிலைக்கு மாறவில்லை. பேசும்போதே ஒலி அமைப்புகளைத் திறந்து, 'வாய்ஸ் கால்' புரொஃபைல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குவால்காம் போன் என்றால் கியூ6வாய்ஸ்டி ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது: வழி திறந்திருக்கிறது, ஒரு மடை மூடியிருக்கிறது. முதலில் மைக் சுவிட்ச், பிறகு அல்சாமிக்சரில் மைக்கின் வாயில். லிப்ரம் 5 வகையில், இரண்டு இணைப்புகளில் ஒன்று விழாமல் போயிருக்கலாம்.

குரல் கரகரவென்று வெட்டி வெட்டி வருகிறது: முதன்மைச் சிப் வழியாகப் போகும் போனில், செயலி வேறு வேலையில் திணறுகிறது அல்லது தேக்கும் இடம் போதவில்லை. பின்னணியில் ஓடுபவற்றை மூடிவிட்டு ஒரு முறை பேசிப் பாருங்கள்.

குரல் இழுத்து இழுத்து, கட்டைக் குரலாக வருகிறது: நொடிக்கு 16000 மாதிரிகள் வரும் இடத்தில் 8000 என்று நினைத்து வாசிக்கிறது. தலைகீழாக நடந்தால் குரல் கீச்சென்று ஓடும். மாதிரி வேகத்தின் அமைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

முதல் அழைப்பு சரி, அடுத்த அழைப்பில் சத்தம் இல்லை: போன் உறங்கி விழித்தபோது மோடமோ கோடெக்கோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மோடத்தை மீண்டும் தொடங்கினால் சரியாகிறதா என்று பார்த்தாலே, இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

இவற்றைச் சோதிக்கும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இயர்பீஸ், ஸ்பீக்கர், ஹெட்போன் மூன்றிலும் தனித்தனியாகப் பேசிப் பாருங்கள். எதிர்முனைக்கு என்ன கேட்கிறது என்பதை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பாதித் தகவல்தான் கையில் இருக்கும்.

பிழை என்று தெரிவிக்கும்போதும் 'கால் ஆடியோ வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. எந்த போன், எந்த இயங்குதளம், எந்தப் பக்கம் கேட்கவில்லை, எந்த ஒலிவாயில், வோல்டிஇயா 2ஜியா, உறக்கத்துக்குப் பிறகா முன்பா என்று எழுதினால், படிக்கும் நிரலாளருக்குப் பாதி வேலை முடிந்தது. பல நேரம் திருத்தம் யூசிஎம் கோப்பில் ஓர் எண்ணை மாற்றுவதோடு முடிந்துவிடும். அந்த எண்ணை நீங்களே கண்டுபிடித்து அனுப்பினால், அடுத்த புதுப்பிப்பில் அதே போன் வைத்திருக்கும் எல்லாருக்கும் அது போய்ச் சேரும்.